குவாரிப் பள்ளத்தை மூடினா மனை ஆகுமா? ஒரு ஏக்கருக்கான முழுக் கணக்கு

"குவாரி இருந்த இடத்துல லேஅவுட் போட்டிருக்காங்க, விலை கம்மியா இருக்கு, வாங்கலாமா?" இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல பதில் சொன்னா அரைகுறையா இருக்கும். கால்குலேட்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நிதானமா படிக்க வேண்டிய விஷயம் இது. அதனால எழுதிடறேன்.

சென்னையோட தெற்கு, தென்மேற்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்தப் பள்ளங்கள் பழக்கமானவை. திரிசூலம், பல்லாவரம், பம்மல், மாங்காடு பக்கத்துல சிக்கராயபுரம், அந்தப் பக்கம் எருமையூர். நகரத்தோட வீடு, ரோடு, பாலம் எல்லாத்துக்கும் ஜல்லி போன இடங்கள். இங்க கிடைக்கிற கருங்கல்லுக்குப் புவியியல்ல 'சார்னோக்கைட்' என்று பேர். கொல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் பல்லாவரம் பக்கத்துல இருந்து போனது என்பதால், 1893-ல ஹாலண்ட் என்ற புவியியலாளர் வெச்ச பேர் அது. கல்லு நம்ம ஊர், பேர் மட்டும் கொல்கத்தா ஆளோடது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கல் எடுக்கும்போது இந்த இடமெல்லாம் ஊருக்கு வெளியே இருந்தது. ஜல்லி ரொம்ப வெயிட்டான, விலை குறைஞ்ச பொருள். தூரத்துல இருந்து கொண்டுவந்தா கல்லு விலையை விட லாரி வாடகை அதிகமாயிடும். அதனால குவாரி எப்பவுமே நகரத்துக்குப் பக்கத்துலதான் இருக்கும். அந்த ஜல்லியை வெச்சு நகரம் வளரும். வளர்ந்த நகரம் குவாரி வாசலுக்கே வந்து நிக்கும். கல் எடுத்து முடிச்ச அன்னைக்கு, பள்ளத்தைச் சுத்தி அப்பார்ட்மென்ட் வந்திருக்கும். அதாவது, எந்த நிலத்தோட மதிப்பு கூடணுமோ அதுலதான் நாம 60 அடிக்கு ஓட்டை போட்டு வெச்சிருக்கோம்.

ஒரு ஏக்கரை மூட எவ்வளவு ஆகும்?

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பள்ளத்தோட ஆழம் 60 அடின்னு வைங்க. (நிஜத்துல இதை விட ஆழமான குவாரிகள் நிறைய இருக்கு.) பெருக்கினா 26,13,600 கன அடி. நம்ம ஊர்ல மண், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு. 100 கன அடி ஒரு யூனிட். ஆக 26,136 யூனிட். 6 யூனிட் ஏத்துற டிப்பர்ல கொட்டினா 4,356 லோடு. ஒரு நாளைக்கு 20 லோடு வந்தாலும் ஏழு மாசத்துக்கு மேல ஆகும். இது ஒரே ஒரு ஏக்கருக்கு.

ஒரு லோடு கிராவல் மண், லாரி வாடகையும் சேர்த்து 5,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கலாம். உங்க ஏரியா ரேட்டைப் போட்டு நீங்களே மாத்திக்குங்க. மொத்தம் 2 கோடியே 17 லட்சத்து 80 ஆயிரம். சதுர அடிக்கு சரியா 500 ரூபாய்.

"அவ்வளவுதானா?" என்று தோணும். இங்கதான் எல்லாரும் தப்புக் கணக்கு போடறாங்க. லேஅவுட்ல முழு நிலத்தையும் விக்க முடியாது. ரோடு போகணும், பார்க்குக்கு விடணும். விக்கக்கூடிய மனை தோராயமா 60% தான் நிக்கும். அந்த 500 ரூபாய், விற்பனை சதுர அடிக்கு 833 ஆயிடுது. இதுவும் வெறும் மண் கொட்டற செலவு. ஒழுங்கா செய்யணும்னா தேங்கின தண்ணியை முதல்ல இறைக்கணும், ஒவ்வொரு அடுக்காப் போட்டு ரோலர் ஓட்டி இறுக்கணும், டெஸ்ட் பண்ணணும், அப்புறம் மண் படியறதுக்குக் காத்திருக்கணும். காத்திருக்கிற காலத்துக்கு வட்டி ஓடும். 1,000 ரூபாயைத் தாண்டினா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

இதுல இருந்து ஒரு விஷயம் தெளிவாத் தெரியும். சுத்துவட்டாரத்துல மனை 800 ரூபாய்க்குப் போகும்போது எந்த முட்டாளும் பள்ளத்தை மூட மாட்டான். அதே ஏரியா 4,000 ரூபாய்க்கு வந்ததும் எல்லாருக்கும் திடீர்னு ஆசை வரும். அதனாலதான் குவாரிகள் பத்து இருபது வருஷம் அப்படியே கிடக்கும். பசங்க குளிக்கப் போய் உயிரை விடுவாங்க, குப்பை சேரும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. நகரத்தோட விலை அங்க வந்து சேர்ந்ததும் ராத்திரியோட ராத்திரியா லாரி வரிசை கட்டும்.

கல் எடுத்தவர்தானே மூடணும்?

நியாயமான கேள்வி. ஆனா அவர் இடத்துல உக்காந்து கணக்கு போட்டுப் பாருங்க. இன்னைய விலையில சீரமைப்புக்கு 1 கோடி ஆகும், லீஸ் முடிய 20 வருஷம் இருக்குன்னு வைங்க. விலைவாசி 6% ஏறினா அந்த நேரத்துல செலவு சுமார் 3.2 கோடி. ஆனா தொழில்ல பணத்துக்கு 10% வருமானம் பாக்கற ஆளுக்கு, 20 வருஷம் கழிச்சு வரப்போற அந்த 3.2 கோடியோட இன்றைய மதிப்பு 48 லட்சம்தான். பல பேர் விலைவாசியையே சேர்க்காம அதே 1 கோடிதான் ஆகும்னு போடுவாங்க. அப்போ இன்றைய மதிப்பு 15 லட்சத்துக்கும் கீழ. எஸ்.ஐ.பி.-ல உங்களுக்கு வேலை செய்யற அதே கூட்டு வட்டிதான் இங்க தலைகீழா வேலை செஞ்சு, ரொம்பத் தள்ளி இருக்கிற பொறுப்பை இத்துனூண்டு ஆக்கிக் காட்டுது.

அதுவும் அவர் மனசு வெச்சாத்தான். நம்ம ஊர்ல நிறைய கல் குவாரி அரசு புறம்போக்கு நிலத்துல, டெண்டர்ல சில வருஷத்துக்கு எடுக்கற லீஸ். லீஸ் முடிஞ்சா நிலம் அவரோடது இல்ல. நாளைக்கு அந்த இடம் ஏரியானாலும் பூங்காவானாலும் அவருக்கு ஒரு பைசா வராது. வாடகை வீட்டுக்கு யாராவது சொந்தக் காசுல மார்பிள் போடுவாங்களா?

இதுக்குத்தான் உலகம் முழுக்க முன்கூட்டியே டெபாசிட் வாங்கற வழக்கம். சென்னையில ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் வாங்கற மாதிரி. இந்தியாவுல சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது மாதிரியான பெரிய கனிமங்களுக்கு மத்திய அரசோட விதி இருக்கு. சுரங்கத்துக்குப் பயன்படுத்தற ஒவ்வொரு ஹெக்டேருக்கும் ஏ பிரிவு சுரங்கம்னா 3 லட்சம், பி பிரிவுன்னா 2 லட்சம் நிதி உத்தரவாதம் தரணும் என்றிருந்ததை, 2021-ல 5 லட்சம், 3 லட்சம்னு ஏத்தினாங்க. ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். நம்ம கணக்குப்படி அதை முழுசா மண் போட்டு மூட 5 கோடிக்கு மேல ஆகும். உத்தரவாதம் 5 லட்சம். அதாவது 1 சதவீதம்கூட இல்ல.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன்: சட்டம் எல்லாப் பள்ளத்தையும் தரைமட்டத்துக்கு மூடச் சொல்லல. ஓரத்தைச் சரிவாக்கறது, வேலி போடறது, மரம் நடறது, தண்ணி தேக்கறது எல்லாமே சீரமைப்புதான். அதுக்கு இவ்வளவு ஆகாது. ஆனாலும் அட்வான்ஸ் 5,000 ரூபாய், உடைச்சது 50,000 ரூபாய்னா காலி பண்ணிட்டுப் போறவர் எதை விட்டுட்டுப் போவார்னு உங்களுக்கே தெரியும்.

கட்டடக் கல் என்பது 'சிறு கனிமம்'. அது மாநில அரசோட விதிக்குள்ள வரும். தமிழ்நாட்டுல 1959-ம் வருஷ விதிகள். 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே ஆகணும்னு வந்ததே, தீபக் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் 2012-ல போட்ட உத்தரவுக்கு அப்புறம்தான். 2020 ஜனவரியில இன்னொரு உத்தரவு, சுரங்கம் முடிஞ்ச நிலத்துல புல் வளர்த்துத் திருப்பித் தரணும்னு நிபந்தனை போடச் சொன்னது. நல்ல விஷயம். ஆனா அதுக்கெல்லாம் பல வருஷம் முன்னாடியே தோண்டி முடிச்சுட்டுப் போன பள்ளங்களுக்கு யாரைப் போய்க் கேக்கறது? நகரத்துக்குள்ள வந்துட்ட பள்ளங்கள்ல பெரும்பாலானது இந்த ரகம்.

மலேசியாவுல ஒருத்தர் எப்படி லாபம் பார்த்தார்?

சுரங்க நிலத்தைச் சீரமைச்சா நஷ்டம்தான்னு நினைக்காதீங்க. கோலாலம்பூர் பக்கத்துல இருக்கிற சன்வே சிட்டிக்கு உங்கள்ல சில பேர் டூர் போயிருப்பீங்க. சன்வே லகூன் தீம் பார்க், சன்வே பிரமிட் மால், ஹோட்டல், பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி. அந்த இடம் மொத்தமும் பழைய ஈயச் சுரங்கமும் குவாரியும்தான். சுமார் 800 ஏக்கர். ஜெஃப்ரி சியா என்பவர் 1974-ல ஆரம்பிச்ச சின்ன ஈயச் சுரங்கக் கம்பெனிதான் பின்னாடி சன்வே குழுமம் ஆச்சு.

1985 அக்டோபர்ல உலக ஈயச் சந்தை சரிஞ்சு விழுந்தது. சுரங்கமா அந்த நிலத்துக்கு மதிப்பு போயிடுச்சு. ஆனா கோலாலம்பூர் அந்தப் பக்கம் வளர்ந்துக்கிட்டே இருந்தது. அங்க அவங்க செஞ்ச முக்கியமான முடிவு, பெரிய பள்ளங்களை மூடல. பள்ளத்தைப் பள்ளமாவே வெச்சு தண்ணி விட்டு தீம் பார்க் ஆக்கினாங்க, 1993-ல திறந்தது. நாம மேல பாத்த 4,356 லோடு செலவு அங்க மிச்சம். சமதளமா இருந்த பகுதியில வீடு கட்டி வித்தாங்க. மால் 1997-ல வந்தது.

இது ஏன் வேலை செஞ்சதுன்னா, ஏரியையும் சுத்தி இருக்கிற நிலத்தையும் ஒரே ஆள் வெச்சிருந்தார். பள்ளத்தை அழகாக்க ஒரு ரூபாய் செலவு பண்ணா, பக்கத்து மனையோட விலை ரெண்டு ரூபாய் ஏறும். அந்த ரெண்டு ரூபாயும் அவர் பாக்கெட்டுக்கே வரும். மாலையும் ஹோட்டலையும் வித்துட்டுப் போகாம கையில வெச்சிருந்ததால, ஏரியா வளர வளர வாடகையும் ஏறிச்சு. இப்போ நம்ம பம்மலையோ திரிசூலத்தையோ நினைச்சுப் பாருங்க. பள்ளம் அரசோடது, ஒரு ஓரம் ஒருத்தர் பட்டா, இன்னொரு ஓரம் இன்னொருத்தர். பள்ளத்தைச் சீர்படுத்த யார் செலவு பண்ணாலும் லாபம் பக்கத்துக்காரருக்குப் போகும். அதனால எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு அடுத்தவரைப் பாக்கறாங்க. இன்ஜினியரிங்ல தீர்க்க முடியாத பிரச்சினை எதுவும் இங்க இல்ல. பத்திரம் யார் பேர்ல இருக்கு என்பதுதான் பிரச்சினை.

இங்கிலாந்துல கென்ட் பகுதியில சுண்ணாம்புக் குவாரிக்குள்ளயே புளூவாட்டர்னு ஒரு பெரிய ஷாப்பிங் சென்டர் 1999-ல திறந்தாங்க. ஷாங்காய்ல 88 மீட்டர் ஆழக் குவாரிச் சுவரோட ஒட்டி 2018-ல ஒரு ஹோட்டலே கட்டிட்டாங்க. ரெண்டுலயும் அதே லாஜிக்தான்: பெரிய முதலீடு, ஒரே கை, பள்ளத்தை மூடாம பயன்படுத்தறது.

தண்ணித் தொட்டியா பாத்தா?

எனக்கு இந்தக் கட்டுரையிலேயே ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான்.

2017 வறட்சியில சென்னைக் குடிநீர் வாரியம் சிக்கராயபுரத்துல இருக்கிற 22 குவாரிகள்ல தேங்கின தண்ணியை எடுத்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிச்சது. ஒரு நாளைக்கு 3 கோடி லிட்டர். 2019-ல ஏரிகள் வறண்டு போனப்பவும் அதே குவாரிகள் கைகொடுத்தது. அதுவரைக்கும் 'ஆபத்தான பள்ளம்'னு சொன்ன இடம் திடீர்னு நகரத்தோட எமர்ஜென்சி ஃபண்ட் ஆச்சு.

நம்ம ஒரு ஏக்கர், 60 அடி பள்ளத்துல எவ்வளவு தண்ணி பிடிக்கும்? 7.4 கோடி லிட்டர். இதே அளவு புதுசா ஒரு நீர்த்தேக்கம் கட்டினா என்ன செலவு ஆகும்? 2020 நவம்பர்ல திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தை எடுத்துக்கலாம். சுமார் 380 கோடி ரூபாய், 1,485 ஏக்கர், கொள்ளளவு அரை டி.எம்.சி., அதாவது சுமார் 1,416 கோடி லிட்டர். ஒரு லிட்டர் இடத்துக்கு கிட்டத்தட்ட 27 பைசா. அந்த ரேட்ல நம்ம பள்ளத்தோட மதிப்பு 2 கோடி ரூபாய்.

இப்போ ரெண்டு நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2.18 கோடி செலவு பண்ணி, 2 கோடி மதிப்புள்ள ஒரு தண்ணித் தொட்டியை நாம மூடறோம்! அதோட ஒரு ஏக்கருக்கு இந்தப் பள்ளம் பிடிக்கிற தண்ணி, அந்த நீர்த்தேக்கம் பிடிக்கிறதை விட கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஆழமா இருக்கறதால வெயில்ல ஆவியாகறதும் கம்மி.

ஆமா, இதுல குறையும் இருக்கு. மழைத்தண்ணியை உள்ள கொண்டுவர வாய்க்கால் வேணும், மேல ஏத்த பம்ப் வேணும், கழிவுநீர் கலக்காம பாத்துக்கணும். அதெல்லாம் கழிச்சாலும் கணக்கு நிக்கும்னுதான் நான் நினைக்கறேன். ஆனா மனையா வித்தா பத்திரம் போட்ட அன்னைக்கே காசு. தண்ணியா வெச்சிருந்தா, சிக்கராயபுரத்துல வந்த மாதிரி ஒரு வறட்சி வந்தாத்தான் மதிப்பு தெரியும். அதுவும் ஊருக்கு வரும், ஓனருக்கு வராது.

காசு கொடுத்து நிரப்பறதுக்குப் பதிலா, காசு வாங்கி நிரப்பினா?

பள்ளத்தை மூட இன்னொரு வழி இருக்கு. இதுதான் உங்க மனையை நேரடியா பாதிக்கிற விஷயம். நகரத்துக்குக் கல் எவ்வளவு வேணுமோ, அந்த அளவுக்கு இடிச்ச கட்டடக் கழிவையும் குப்பையையும் கொட்ட இடம் வேணும். வெறும் பள்ளம் வெச்சிருக்கறவர் மண்ணை விலைக்கு வாங்க வேண்டாம். கொட்ட வர்றவங்களே காசு கொடுப்பாங்க. பெங்களூருல பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி குவாரிப் பள்ளங்கள்ல மாநகராட்சியே குப்பை கொட்டுச்சு. கல், செங்கல், கான்கிரீட் மட்டும்னா ஓரளவு பரவாயில்ல. ஆனா மக்கற குப்பை கலந்தா, அது மக்க மக்க மேல இருக்கிற தரை இறங்கும், மீத்தேன் வாயு வரும், கறுப்புத் தண்ணி பாறை வெடிப்பு வழியா சுத்துவட்டாரக் கிணத்துக்குப் போகும்.

இப்போ புரோமோட்டர் பக்கத்துல இருந்து பாருங்க. ஒழுங்கா நிரப்பினா விற்பனை சதுர அடிக்கு 833-ல இருந்து 1,000-க்கு மேல செலவு. கண்டதைக் கொட்டினா செலவு ஜீரோ, கையில காசும் வரும். ரெண்டுக்கும் மேல ரெண்டடி செம்மண் போட்டு, கல் நட்டு, கலர் கொடி கட்டினா பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல பழைய கார் சந்தையை வெச்சு எழுதின கட்டுரை இதைத்தான் சொல்லுது: வாங்கறவரால நல்லதையும் மோசத்தையும் பிரிச்சுப் பாக்க முடியலன்னா, நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, கடைசியில மோசமான சரக்குதான் சந்தையில மிஞ்சும்.

இதுல இருந்து ஒரு எளிய சோதனை. பக்கத்து நல்ல தரை மனை 3,500 ரூபாய். குவாரி லேஅவுட் 2,600 ரூபாய். நிரப்பறதுக்கே 1,000 ரூபாய் செலவு பண்ணவர் எதுக்கு 900 ரூபாய் தள்ளிக் கொடுக்கறார்? அவர் அந்த ஆயிரத்தை செலவு பண்ணியிருக்கவே மாட்டார் என்பதுதான் பொருத்தமான பதில்.

என்கிட்ட வரி ஃபைல் பண்ற ஒரு தம்பதி, ரெண்டு பேரும் ஐ.டி., இந்த மாதிரி ஒரு 1,200 சதுர அடி மனையோட பேப்பரை எடுத்துக்கிட்டு வந்தாங்க. "சார், 10 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம்"னு சொன்னாங்க. சாதாரண அஸ்திவாரம் அங்க நிக்காது. பாறை வரைக்கும் பைல் இறக்கணும். 12 பைல், ஒவ்வொண்ணும் 60 அடி, அடிக்கு 1,200 ரூபாய்னு தோராயமா போட்டாலே 8.64 லட்சம். மேல பீம், மெஷின் கொண்டுவர்ற செலவு எல்லாம் சேர்த்தா மிச்சம்னு சொன்ன காசு அங்கயே முடிஞ்சுது. பாதி மனை பழைய பாறை ஓரத்துலயும் பாதி மனை நிரப்பின மண்ணுலயும் விழுந்தா இன்னும் மோசம்: ஒரு பக்கம் அசையாது, மறுபக்கம் இறங்கும், வீடு நடுவுல பிளக்கும். அதோட, நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்கறவரும் இதே தள்ளுபடி கேப்பார். வாங்கும்போது லாபமா தெரிஞ்ச 900 ரூபாய் உண்மையில உங்களுக்கு வந்த லாபமே இல்ல, அடுத்தவருக்குக் கைமாத்த வேண்டிய கடன். நான் அவங்ககிட்ட சொன்னது, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி சாயில் டெஸ்ட்டுக்கு சில பத்தாயிரம் செலவு பண்ணுங்க, அந்த ரிப்போர்ட்டை வெச்சு விலை பேசுங்க. சாயில் டெஸ்ட்டுக்கு விற்பனையாளர் ஒத்துக்கல. அதுவே ஒரு ரிப்போர்ட்தான்.

டி.டி.சி.பி., சி.எம்.டி.ஏ. அப்ரூவல், ரெரா நம்பர் எல்லாம் இருக்கேன்னு கேப்பீங்க. அதெல்லாம் லேஅவுட் பிளானுக்கும் பத்திரத்துக்கும் விற்பனைக்கும். உங்க மனைக்குக் கீழ 40 அடியில என்ன கொட்டியிருக்குன்னு சொல்ற சான்றிதழ் இல்ல. வில்லங்கச் சான்றுலயும் அது வராது. கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் திறந்து, பழைய வருஷப் படங்களைக் காட்டற வசதியில அந்த சர்வே நம்பர் இருக்கிற இடத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்க. செலவில்லாத வேலை, அஞ்சு நிமிஷத்துல பள்ளம் இருந்ததா இல்லையான்னு தெரிஞ்சுடும். தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேட்டுல நிலம் என்ன வகைப்பாடுன்னு பாருங்க. பக்கத்து டீக்கடையில வயசானவர் ஒருத்தர்கிட்ட "தாத்தா, முன்ன இங்க என்ன இருந்தது?"னு கேளுங்க. இது மூணுலயும் சுத்தமா வந்தா அப்புறம் சாயில் டெஸ்ட்.

மனை வேண்டாம், நான் ஷேர்தான் வாங்கறேன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வரி. சிமென்ட், நிலக்கரி, சுரங்கக் கம்பெனி எது வெச்சிருந்தாலும், ஆண்டறிக்கையில புரொவிஷன் நோட்டைத் திறந்து சுரங்கம் மூடறதுக்கும் இடத்தைச் சீரமைக்கறதுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னு பாருங்க. இண்ட் ஏ.எஸ். 37 படி அந்தத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைச்சுத்தான் காட்டுவாங்க. எந்த வட்டி விகிதத்துல குறைச்சாங்க என்பதுதான் ஆட்டம். விகிதத்தைக் கொஞ்சம் ஏத்திட்டா பொறுப்பு சுருங்கிடும், நாம மேல 3.2 கோடியை 48 லட்சம் ஆக்கின மாதிரி. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்தக் குறைச்ச தொகை கொஞ்சம் கொஞ்சமா வளர்றது நிதிச் செலவுல வந்து உக்காரும். சுரங்கத்தோட ஆயுள் முடியப்போற கம்பெனியில அந்த நோட்டை வருஷா வருஷம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தீங்கன்னா, அவங்க நிஜமாவே காசு எடுத்து வைக்கறாங்களா, இல்ல பேப்பர்ல மட்டும்தானான்னு தெரியும்.